சோப்பு போட்டுக் குளித்த ஞாயிறுகள்

என் கையெழுத்தும் பிழைகளும் சிரமம் தரும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர் துறைமுகத்தில் கருவாடு விற்கிறேன். மறதி நோய் வந்த மனைவியைச் சிதம்பரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டிருக்கிறேன். பஸ்ஸில் யாரும் மூக்கைப் பொத்தக் கூடாதென்று, ஞாயிறுதோறும் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுப் போவேன். அவள் விலகி உட்காருவாள்.

ஒருநாள் அங்கே வேலை செய்யும் பெண், அவளுக்கு எது மனதில் தங்கியிருக்கிறதென்று அறிய டப்பாக்களை முகரக் கொடுத்தார். மல்லிகைக்கும் காபிக்கும் அவள் அசையவில்லை. கருவாட்டுக்குச் சிரித்தாள்.

“எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு. சோறு போடணும்.”

“பக்கத்துலதாம்மா ஒக்காந்திருக்காரு.”

என்னை முகர்ந்து பார்த்தாள். “அவரு இல்ல. இவரு மேல சோப்பு வாசன.”

இத்தனை நாளும் என்னைத்தான் தேடியிருக்கிறாள்.

இப்போது கடையிலிருந்து நேராகப் போகிறேன். சில ஞாயிறுகளில் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பல ஞாயிறுகளில் இல்லை.

எழுதியது: ஐப்பசி முதல் திங்கள்.