மூன்றாவது கட்டம்

சிலியின் தென்கோடியில், மலை சூழ்ந்த கொய்ஹைகேயில் நாங்கள் குளிர்காயும் நேரத்தைவிட இருமும் நேரம் அதிகம். இலையுதிர் காலத்தில் பச்சை விறகை வாங்குவோம். கணப்பு இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்க அதன் காற்றுத் திறப்பை மூடுவோம். விடிந்ததும், காற்றை மறிக்கிறதென்று மலையைத் திட்டுவோம்.

பள்ளிச் சமையல்காரி எதுவினா கார்கமோவின் வழி வேறு. லெங்கா மரத்தைப் பிளந்து இரண்டு கோடை உலர்த்துவாள். கட்டைக்குக் கட்டை ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்ப்பாள். ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டினால் கட்டை கொட்டகைக்கே திரும்பும். காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்துவிட்டு, புகைக்குழாயில் ஒட்டிய வெப்பமானியைப் பார்த்தபடி இரண்டு மணிநேரம் கொழுந்துவிட்டு எரிப்பாள். பிறகு கணப்பைச் சுற்றிக் கட்டிய செங்கல்தான் விடியும்வரை சூடு தரும். விறகை வீணாக்குகிறாள் என்று ஏசினோம். எங்களுக்கு ஆகும் விறகில் பாதிதான் அவளுக்கு ஆகும்.

எங்கள் ஊரின் கடுங்குளிர் மாதமான ஜூலையில், புகைக்குத் தடை விதித்த ஒரு நாள், அவள்மீது புகார் போயிற்று. கொடுத்தவர் எதிர்வீட்டுக்காரர், அன்று அவர் வீட்டுப் புகையில் அவர் வாசலே தெரியவில்லை.

இளம் ஆய்வாளன் லிசாந்த்ரோ இருபது நிமிடம் அண்ணாந்து நின்றான். அவள் புகைபோக்கியில் ஒன்றுமில்லை. படிவத்தில் இரண்டே கட்டங்கள்: புகை உண்டு, கணப்பு எரியவில்லை. இரண்டாவதில் குறியிட்டுக் கையெழுத்துக் கேட்டான்.

எரியவில்லை என்று பதிவான கணப்பை அரசாங்கத்தார் கழற்றிப்போய், மின்சாரத்தில் ஓடும் மரத்துகள் கணப்பை வைப்பார்கள். பனிப்புயலில் மின்சாரம் போனால் அது வெறும் தகரம். எதுவினா பேனாவைத் தொடவில்லை.

"எரியுது தம்பி. உள்ள வந்து தொட்டுப் பாருங்க."

"அம்மா, தப்பிச்சோம்னு நினைச்சுக் கையெழுத்துப் போடுங்க."

"தப்பிக்க நான் என்னத்தத் திருடினேன்?"

அவனை உள்ளே அழைத்து, தழலின்மேல் இன்னொரு கட்டையை வைத்தாள். புதுக்கட்டை விழும்போதுதான் எந்தக் கணப்பும் புகையும். "வெளிய போய்ப் பாருங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல புகைஞ்சா நானே தண்ணிய ஊத்துறேன்."

தெருவே வெளியே வந்தது. சாம்பல் நிறத்தில் ஓர் இழை எழுந்தது. எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் இழை அறுந்து, கூரைக்கு மேல் காற்று மட்டும் கானலாய் நெளிந்தது.

லிசாந்த்ரோ உள்ளே வந்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுக்குக் கட்டமே இல்லம்மா."

"அப்ப வரைங்க."

சூடு தாங்காமல் கோட்டைக் கழற்றிவிட்டு, மூன்றாவது கட்டம் வரைந்தான்: எரிகிறது, புகை இல்லை.

"ஈரம் பதினாறுன்னும் எழுதுங்க," என்றாள். எழுதியபின்தான் கையெழுத்திட்டாள்.