துண்டு விற்ற அக்கா

தென்காசியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் துண்டு விற்ற அக்கா நெடுநெடுவென்று உயரம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். மதியம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால், முதலாளியே கூப்பிட்டாலும் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார்.

எண்பதுகளில் ஒரு சாரல் காலத்தில், குற்றாலம் பஸ் நிறுத்தத்தில் மேஜை போட்டுத் துண்டு விற்கலாம் என்று அவராகவே முதலாளியிடம் போய் நின்றார்.

"ஒரு வாரம் போட்டுப் பாப்போம் அண்ணாச்சி. ஓடலைன்னா நானே மேசயத் தூக்கிட்டு வாரேன்."

நன்றாகவே ஓடியது. மேஜையில் கூட நின்ற கடை ஆட்கள் மூவருக்கும் தொழிலைச் சொல்லிக்கொடுத்தார். "என்ன வேணும்னு கேக்காதீங்க. நனைஞ்ச புள்ள தோள்ல மொதல்ல துண்டப் போடுங்க."

நான் வேட்டிப் பிரிவு. எந்த வேட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் என் பவுசு.

"சூட்சுமத்தயெல்லாம் இப்படி அள்ளிக் குடுக்கீங்களேக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சா நான் எப்பம்லே சோறு திங்கது?"

பாதிச் சோற்றில் எழுந்து வந்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

ஆடியில் தங்கையின் பிரசவத்துக்காக அவர் செங்கோட்டை போனார். வியாபாரம் படுத்துவிடும் என்று காத்திருந்தேன். படுக்கவில்லை. அவர் திரும்பியதும், தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த உத்திகளை மூவரும் போட்டி போட்டுச் சொன்னார்கள்.

அடுத்து எனக்குக் காய்ச்சல். வேட்டி கேட்டு வந்தவர்களையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார்களாம். "நான் இல்லாம கடை நடக்காது, பாத்தீங்களா!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பை அடக்கினார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.