கண்ணடித்தது நானில்லை... நரம்பு!

போன வாரம் அண்ணாச்சி கடைக்குத் துவரம் பருப்பு வாங்கப் போயிருந்தேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று உள்பக்கம் திரும்பி, "ஏளா, கொஞ்சம் வெளிய வாயேன்" என்று சம்சாரத்தைக் கூப்பிட்டுவிட்டார்!

அவரைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது தாண்டிய பொம்பளை பருப்பு கேட்டுக்கொண்டே கண்ணடித்தால், மனுஷன் பாவம், என்ன செய்வார்?

சத்தியமாகச் சொல்கிறேன்... நான் கண்ணடிக்கவில்லை. எல்லோரையும் போல இமைத்தேன். வலது கண் மூடித் திறந்தது. இடது கண் மூடவே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதற்கு முந்தின நாள் காலை பல் தேய்க்கும்போது, கொப்பளித்த தண்ணீர் வாயோரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால், முகத்தில் இடது பக்கம் லீவு போட்டிருந்தது. "ஐயோ, பக்கவாதம்!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து நாத்தனார் மல்லிகா ஓடி வந்தாள். ஆட்டோ பிடித்து ராயபுரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

மல்லிகா பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவள். கேரம் ஆட்டத்தில் என் பார்ட்னர். ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் எங்களுக்கு லேடீஸ் டபுள்ஸ் ஃபைனல். அதனால் அவள் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி பொழச்சிக்குமா?" என்பதல்ல.

"ஞாய்த்துக்கெழம ஆடுமா டாக்டர்?"

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவள் கதை எனக்குத் தெரியும். வீட்டு ஷோகேஸ் நிறைய கப் வைத்திருக்கிறாள். அத்தனையும் ரன்னர்-அப்! புருஷன் அவளை 'செகண்டு ப்ரைஸ்' என்றே கூப்பிடுவார். ஒரே ஒரு தடவை முதல் கப்பைக் கொண்டுவந்து அந்த மனுஷன் முன்னால் வைக்க வேண்டும் என்ற வெறி அவளுக்கு.

டாக்டர் சின்னப் பெண். "நெத்திய சுருக்குங்கம்மா" என்றார். வலது நெற்றி சுருங்கியது. இடது நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி அப்படியே இருந்தது.

"நல்லதுதான். நெத்தியும் சேர்ந்து அசையல. மூளையில கோளாறுன்னா பெரும்பாலும் நெத்தி அசையும். இது மூளையிலேர்ந்து முகத்துக்கு வர்ற ஏழாவது நரம்பு. வீங்கியிருக்கு. மாத்திரை தர்றேன், சில வாரத்துல தேறிடும்."

"கண்ணு ஏன் டாக்டர் மூடல?"

"இமைய தூக்கறது மூணாவது நரம்பு. மூடறது ஏழாவது. உங்களுக்கு மூணு வேலை செய்யுது, ஏழு செய்யல."

பார்ப்பதற்கு இரண்டாவது நரம்பாம். விழியைத் திருப்ப மூன்று, நான்கு, ஆறு. தூசி விழுந்தால் உறுத்தலைச் சொல்ல ஐந்தாவது. ஆக, ஒரு கண்ணுக்கு ஆறு பேர் டியூட்டி பார்க்கிறார்கள்! ஆறு பேர் இருந்தும் ஒருத்தர் வரவில்லையென்றால் ஷட்டரை இறக்க ஆளில்லை. அரசாங்க ஆபீஸ் தோற்றது போங்கள்.

ஆடலாம், கண் காயாமல் சொட்டு மருந்து விட வேண்டும், தூங்கும்போது டேப் போட்டு மூட வேண்டும். இதுதான் டாக்டர் உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை. எதிரணி விம்கோ நகர். டபுள்ஸில் பார்ட்னர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். பேசக் கூடாது, சைகை கூடாது. முதல் போர்டில் மல்லிகா அடி அடி என்று அடித்தாள். ரெட் காயையும் போட்டு, கையோடு அதற்கு ஃபாலோ காயையும் போட்டாள். இப்படி அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை.

விம்கோ நகர்க்காரி எழுந்துவிட்டாள். "சார், இந்தக்கா கண்ணடிச்சிகினே கீது! சிக்னல் குடுக்குது!"

அம்பயர் குனிந்து என்னைப் பார்த்தார். பயத்தில் இமைத்தேன். அவருக்கும் ஒன்று விழுந்தது!

"இன்னாமா இது?"

"நரம்பு சார்!"

"நரம்பு எல்லாருக்கும்தாம்மா கீது."

அப்புறம் நடந்ததுதான் பேஜாரு. மொத்தக் கூட்டமும் டாக்டராகிவிட்டது. "கன்னத்த உப்புக்கா!" உப்பினேன், காற்று ஒரு பக்கமாகப் புஸ்ஸென்று போனது. "விசிலடிக்கா!" எனக்கு வரவில்லை, எனக்காக அவர்களே அடித்துக்கொண்டார்கள்.

"நோவு நெசம்தான்" என்று அம்பயர் தீர்ப்புச் சொன்னார். "ஆனா எதிர்ல பாத்தா கண்ணடிக்கிற மாதிரிதான் கீது. அந்த மூடாத கண்ண மூடிட்டு ஆடு."

கைப்பையில் இருந்த டேப்பை எடுத்து இடது கண்ணை மூடி ஒட்டினேன். ஒற்றைக் கண்ணோடு நான்கூடச் சமாளித்தேன். மல்லிகாவுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை! நேர்க் காயை விட்டாள். ஸ்ட்ரைக்கரையே பாக்கெட்டில் போட்டாள். கடைசி போர்டில், பாக்கெட் வாசலில் நின்ற காயைத் தட்டினால் கப் எங்களுக்கு... அதையும் விட்டாள். ரன்னர்-அப்!

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, நெசமாவே அத சிக்னல்னு நெனச்சியா? நரம்புன்னு டாக்டர் சொன்னப்ப கூடத்தான இருந்த?"

"தெரியும் அண்ணி" என்றாள். மடியில் கப். கண் கலங்கியிருந்தது. "நானும் எத்தினி ஃபைனலு ஆடிகீறேன்... எதுக்க ஒக்காந்துகினு எல்லாரும் 'வுட்டுடாத, வுட்டுடாத'ன்ற மாதிரியே மொறைப்பாங்கோ. நீயுந்தான். இன்னிக்கி நீ கண்ணடிக்க சொல்லோ, 'அடிடி, போனா போவுது'ன்ற மாதிரி இருந்துச்சி. அதான் கை தானா ஆடுச்சி. டேப்பு ஒட்டுன பாரு... திரும்ப பயம் வந்துட்ச்சி."

இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து நான் முறைத்துக்கொண்டா இருந்தேன்? கூர்ந்து கவனிப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கண் பாதி மூடுகிறது. முழுசாகத் தேறிவிடும் என்கிறார் டாக்டர். தேறட்டும். அதற்கப்புறம் ஒரு ஃபைனலில் நான் கண்ணடித்தால் அம்பயர் தாராளமாக ஃபவுல் கொடுக்கலாம் — அது வேண்டுமென்றே அடித்ததாக இருக்கும்.