நரிக்குடிச் சாலையிலிருந்து லாரியைக் கூட்டி வந்தது

காலை ஆறரை மணி இருக்கும். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருமுனைக்கு அந்த வண்டி வந்து நின்றபோது தறிச் சத்தமே அமுங்கிப் போனது. லாரியையே தூக்கி இழுத்துக்கொண்டு போகிற வண்டி அது. ரெக்கவரி வண்டி என்கிறார்கள். கிணற்றில் தூர் அள்ளும் கிரேனைவிடப் பெரிய இரும்புக் கை ஒன்று முதுகில் மடங்கிக் கிடந்தது. பின்பக்கம், வைக்கோல் அள்ளும் கவைக்கம்பு மாதிரி இரண்டு இரும்புப் பல். பஸ்ஸில் போயிருக்கிறேன், டிராக்டரில் போயிருக்கிறேன், ஒரு தடவை ஆம்புலன்ஸிலும் போயிருக்கிறேன். இந்த வண்டியில் போனவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான்.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். மெதுவாகத்தான் வரும். நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் முருகேசன் சொந்தமாக ட்ரெய்லர் லாரி வைத்து ஓட்டினான். முன்னால் தலை தனியாகவும் பின்னால் நீளமான தளம் தனியாகவும் கோத்து ஓடுமே, அந்த லாரி. பார்த்திபனூர்ப் பக்கம் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். நரிக்குடி தாண்டி, திருச்சுழிக்கு முன்னால், ஒரு கண்மாய்க்கரை வளைவில் அவனுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. எதிரே ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் பெண்கள். அவர்கள்மேல் ஏறாமல் வண்டியை ஒடித்து, பாலத்துக் கட்டையில் மோதி நிறுத்தினான். நிறுத்திய இடத்திலேயே அவனும் போய்விட்டான்.

அவனை அன்றைக்கே கொண்டுவந்தார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று போலீஸிலும் சொல்லிவிட்டார்கள். வண்டிதான் வரவில்லை. சொந்தக்காரர் ஒருவர் போய் டிராக்டரைக் கட்டி இழுத்துப் பார்த்தார். கயிறு அறுந்தது, சக்கரம் அசையவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் வண்டியைத் தொடவே விடவில்லையாம். அது வந்தால்தான் மூக்கைச் சரிபண்ணி, ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டலாம். என் மருமகளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு பிழைப்புக் கிடையாது.

வண்டிக்கு உடையவர்கள் தரப்பில் ஒரு ஆள் கூட வரவேண்டும் என்றார் ரெக்கவரி வண்டிக்காரர். மருமகளால் அந்த வளைவைப் பார்க்க முடியாது. நான் கிளம்பினேன். அவள் வழக்கம்போல என் செருப்பை முனை தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். வெளியே போகிறவர் அப்படியே மாட்டிக்கொண்டு போகவேண்டும். எங்கள் வீட்டில் தினமும் அவள் செய்கிற வேலை அது.

எதிர்வீட்டுக்காரி வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டு, "காரியம் முடிஞ்ச மறுநாளேவா?" என்றாள்.

"நீ வேணா எம்பதிலுக்குப் போயிட்டு வா தாயி," என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டிக்காரர் பெயர் சேகர். காரியாபட்டிக்காரர், ஐம்பது வயது சொல்லலாம். படி என் இடுப்பு உயரம் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

"போட்டுக்கிட்டே ஏறுங்கம்மா. உள்ள ஆயிலும் அழுக்குமாக் கெடக்கு."

"எம்மகென் வண்டிக்குள்ள செருப்புக் காலோட யாரையும் ஏறவிட மாட்டான்."

"இது அவரு வண்டி இல்லையேம்மா."

"இதுவும் சோறு போடுற வண்டிதானய்யா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். திருச்சுழிச் சாலையில் திரும்பும்போது தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவர் காலிலும் செருப்பு இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர்போல இருக்கும். பஸ்ஸில் போனால் அரைத்தூக்கத்தில் போய்விடலாம். இந்த வண்டியின் உயரத்தில் உட்கார்ந்தால் பூமி வேறுமாதிரி தெரிகிறது. வேலிக்கு அந்தப்புறம் இருப்பதெல்லாம் தெரிகிறது. சீமைக்கருவேலங் காட்டுக்குள் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மழை பெய்து கரிசல் மேலே காய்ந்த மாதிரியும் உள்ளே ஊறியும் கிடந்தது. ஒருவர் உழவுமாட்டை ஓட்டிப்போவதுபோல டிராக்டரை அவ்வளவு மெதுவாக ஓட்டிப்போனார். மிளகாய்க்கு உழுகிறார்கள். முருகேசன் இதையெல்லாம் இந்த உயரத்திலிருந்துதான் தினமும் பார்த்திருப்பான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

திருச்சுழிக் கோயில் கோபுரம் தெரிந்ததும் சேகர் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் கும்பிடவில்லை. இந்த மாதம் எனக்குச் சாமிமேல் வருத்தம்.

எட்டு மணி வாக்கில் அந்த வளைவு வந்தது. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் வேன் பிடித்துக் கும்பிடப் போய்விடுவீர்கள்.

முதலில் தெரிந்தது என் பெயர்தான். முன் கண்ணாடிக்கு மேல் மஞ்சள் பெயிண்டில் 'அழகம்மாள்' என்று எழுதியிருப்பான். நான் கூட்டிப் படித்த முதல் சொல் அது. அதற்கு மேலே அரளி மாலை தொங்கியது. நசுங்கிய மூக்கில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். சக்கரத்துக்கெல்லாம் சந்தனம். பாலத்துக் கட்டையில் விளக்கு எரிந்தது. சக்கரங்களுக்கு முன்னால் வரிசையாக எலுமிச்சம்பழம் வேறு. வண்டி வீட்டைப் பார்த்தபடிதான் நின்றது.

"நிப்பாட்டுய்யா," என்றேன்.

"இப்ப நிப்பாட்ட முடியாதும்மா. அந்த வண்டிக்கு முன்பக்கமாப் போயி ரிவர்ஸ்ல அணைக்கணும். இங்க திருப்ப எடமில்ல. கரிசல்ல எறக்கினா நம்மள இழுக்க இன்னொரு வண்டி வரணும். நரிக்குடி போயித் திரும்பி வந்துருவோம்."

அப்படியாக, என் மகன் உயிர்விட்ட இடத்தை நிற்காமல் கடந்து போனேன்.

நரிக்குடியில் வண்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரருக்கு நான் யாரென்று தெரியாது.

"லாரிக்காரச் சாமிய எடுக்கவா போறீக? நடக்காதுண்ணே. டிராக்டரு கயித்தையே அத்து விட்ருச்சு."

"ஏன் நடக்காது?" என்றார் சேகர்.

"அவுக இன்னும் பிரேக்க மிதிச்சுக்கிட்டுத்தான இருக்காக!"

பாதி டீயை வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் சேகர் தானாகவே சொன்னார்.

"அது காத்தும்மா. பெரிய வண்டிக்குப் பிரேக்கு காத்துலதான். காத்து இருந்தாத்தான் சக்கரத்த விடும். மோதுனதுல கொழாயி ஒடஞ்சு காத்தெல்லாம் எறங்கிருச்சு. உள்ள இருக்க ஸ்பிரிங்கு கவ்விப் பிடிச்சிருக்கு. நம்ம வண்டியில இருந்து காத்துக் குடுத்தா விட்ரும்."

"அப்ப காலு இல்ல."

"காலு இல்லம்மா. காத்துதான்."

நாங்கள் திரும்பி வருவதற்குள் ஊர் கூடிவிட்டது. சேகர் வண்டியைப் பின்பக்கமாக அணைத்து நிறுத்தியதும், ஊருக்குப் பெரிய மனுசர்போல இருந்த ஒருவர் குறுக்கே வந்து நின்றார். கருப்பையா என்று கூப்பிட்டார்கள்.

"எடுக்க வேணாம்னு சொல்லலண்ணே. அவுக மனசு வைக்கணும்ல? பலவந்தமா இழுத்து, நாளைக்கு ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இங்கனயே நிக்கட்டும். கூரை போட்டுக் கும்பிட்டுக்கிறோம்."

நான் இறங்கினேன். "நீங்க கும்பிட்டா எம்பேரப் பிள்ளைகளுக்குச் சோறு வந்துருமாய்யா?"

என்னைவிடக் கொஞ்சம் இளையவளாக ஒருத்தி முன்னால் வந்து என் முகத்தையும் கண்ணாடிக்கு மேலே இருந்த எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பெயர் இருளாயி. அந்த ஆட்டோவில் முன்னால் உட்கார்ந்து வந்தவள்.

"நீங்கதான் அழகம்மாளா?"

"ஆமா."

"ஒங்க பேரச் சொல்லித்தான் தாயி இத்தன நாளும் வெளக்கு வச்சோம். அவுக பேரு எங்களுக்குத் தெரியாதுல்ல."

"முருகேசன்," என்றேன். அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள்.

சேகர் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். லாரிக்கு அடியில் படுத்து, பின்சக்கரத்தைச் சுழற்றுகிற இரும்புத் தண்டைக் கழற்றினார். பிறகு தன் வண்டியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இழுத்துவந்து மாட்டினார். கருப்பையா அவர் பின்னாலேயே போனார். "ஓய், சொல்லச் சொல்லக் கேக்க மாட்டீரா?" என்றார். "எம்மேல கோவம் வந்தா வரட்டும்யா, நான் வெளியூருதான," என்றார் சேகர். யாரோ சிரித்தார்கள். கருப்பையா சிரிக்கவில்லை.

இருளாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் மொதல்ல கதவத் தொறந்தது தாயி. கண்ணு தொறந்தேதான் இருந்துச்சு. காலு பிரேக்கு மேல, கல்லுக் கணக்கா. நாந்தான் ரெண்டு கையாலயும் தூக்கி வச்சேன். நான் எடுத்தேனே ஒழிய அவுக எடுக்கல. அவுகளுக்கு நாங்க பொழச்சமா இல்லையான்னு தெரியாது. அதான் இன்னமும் மிதிச்சுக்கிட்டு இருக்காக. நீங்க சொல்லுங்க. பெத்தவ சொன்னா எடுப்பாக."

நான் சேகரைப் பார்த்தேன். அவர் காற்றுக் குழாயின் திருகைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் திறந்தால் காற்று லாரிக்குள் போய்விடும். திறக்காமல் நின்றார்.

இருளாயி கை கொடுக்க, வெறுங்காலோடு ஏறினேன். உள்ளே அவன் துண்டு சீட்டின்மேல் கிடந்தது. சீட்டுக்கு அடியில் அவன் செருப்பு. ஏறும்போது கழற்றி வைத்தது, சேர்த்து வைத்தபடியே இருந்தது. இத்தனை நாளும் ஊரார் முன்னால் நான் அழுததில்லை. அங்கேயும் அழவில்லை. பிரேக்கைப் பார்த்துச் சொன்னேன்.

"முருகேசா, எல்லாரும் நல்லாருக்காகய்யா. ஒருத்திக்கும் ஒண்ணுமில்ல. வெளிய நிக்கிறாக பாரு. காலெடுத்துக்க. வீட்டுக்குப் போவம்."

சேகர் திருகைத் திறந்திருக்க வேண்டும். அடியில் எங்கேயோ காற்று ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான். பிறகு முன்சக்கரத்தில் ஒரு 'டொக்'. அப்புறம் பின்னால், பின்னால், ஒவ்வொரு சக்கரமாக விட்டது. வண்டி உடம்பைத் தளர்த்தியதுபோல ஒரு விரல்கடை அசைந்தது. வெளியே இருளாயிதான் முதலில் குலவை போட்டாள்.

காற்றுதான். எனக்குத் தெரியும். எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் கேட்கிறேன், நான் சொல்லுமுன்னே சேகர் திறந்திருந்தால், அந்த இடத்தைவிட்டு வந்திருப்பேனா?

அதற்கப்புறம் யாரும் தடுக்கவில்லை. சேகர் இரும்புக் கயிற்றைச் சுற்றிச் சுற்றி, பாலத்தோரத்திலிருந்து வண்டியை ரோட்டுக்கு இழுத்தார். அந்த இரண்டு பல்லும் முன் அச்சுக்கு அடியில் போய் மூக்கைத் தூக்கின. சங்கிலி போட்டு இறுக்கினார். கருப்பையாவும் ஆட்களோடு வந்து, கல்லும் மண்ணும் வெட்டிப்போட்டு உதவினார். எலுமிச்சம்பழங்களை ஒருவரும் மிதிக்காமல் பொறுக்கி எடுத்து அந்தப் பாலத்துக் கட்டைமேல் வைத்தார்கள்.

கிளம்பும்போது கருப்பையா என் கையிலிருந்த அவன் செருப்பைப் பார்த்தார்.

"ஆத்தா, அத மட்டும் குடுத்துட்டுப் போங்க. கருப்பருக்குச் செருப்பு வச்சுத்தான் கும்பிடுவம். இவுகளுக்கும் வச்சுக்கிறோம்."

"பேரு குடுத்துட்டேன்லய்யா. அத வச்சுக்கங்க. செருப்பத் தரமாட்டேன்."

அவர் வற்புறுத்தவில்லை. இருளாயி ஒரு மஞ்சப்பை கொண்டுவந்து அதில் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும்போது மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம்தான் வேகம். திருச்சுழியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் அடிக்கடி பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். தூக்கிய மூக்கோடு, மாலையோடு, என் பெயரோடு அது வந்துகொண்டே இருந்தது. கோயில் கோபுரம் வந்தபோது சேகர் நெஞ்சில் கை வைத்தார். நானும் கும்பிட்டேன். வருத்தம் தீர்ந்ததென்று அர்த்தமில்லை.

மதியம் அருப்புக்கோட்டைப் பட்டறையில் வண்டியை இறக்கினோம். சேகர் குழாயைக் கழற்றியதும் சக்கரங்கள் மறுபடி கவ்விக்கொண்டன.

"நிக்கிறதுக்கும் ஒரு சொல்லுச் சொல்லணுமாம்மா?" என்றார். விளையாட்டாகக் கேட்டாரா, மெய்யாகவா, தெரியவில்லை.

"வேணாம்யா. இது அவனுக்குத் தெரிஞ்ச எடம்."

அந்த ஊரில் இன்றைக்கும் அவன் பெயரைச் சொல்லி விளக்கு வைப்பார்கள். வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். ஆனால் அங்கே இருப்பவனுக்கு வீடு கிடையாது. இங்கே இருக்கிறது.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். மஞ்சப்பையிலிருந்து செருப்பை எடுத்து, அவன் கழற்றிப் போடுகிற இடத்தில் வாசலில் போட்டேன். மருமகள் நிலைப்படியில் நின்று பார்த்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, தினமும் செய்கிற மாதிரி, முனையைத் தெருப்பக்கம் திருப்பப் போனாள்.

"திருப்பாத தாயி," என்றேன். "இப்பத்தான் வந்துருக்கான்."