வடிவாம்பாள் சித்தி கிரகணம் பார்க்கப் போகிறாள்

எங்கள் தெருவில் சூரிய கிரகணம் பார்ப்பதற்காகப் பாஸ்போர்ட் எடுத்த ஒரே ஆள் என் சித்தி வடிவாம்பாள்தான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "எதுக்கும்மா வெளிநாடு?" என்று கேட்டார். "சூரியனைப் பாக்க" என்றாள் சித்தி. அவர் வாசலில் கொளுத்திக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சித்தி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். சித்தப்பா சங்கரராமன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். இரண்டு வீடு தள்ளி எங்கள் வீடு.

சித்தியின் கிரகண ஆசை 2010-இல் ஆரம்பித்தது. பொங்கலுக்கு மறுநாள் எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. அப்போது சித்தி தன் மகன் குருபிரசாத்தை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். கர்ப்பிணி மேல் கிரகண நிழல் படக்கூடாது என்று மாமனார் அவளைப் பூஜை அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார். தெருவே மொட்டை மாடியில் நின்று கூச்சல் போட்டது. எல்லாம் முடிந்து வெளியே வந்தவளிடம், "வளையல் மாதிரி இருந்துச்சுட்டி" என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். அந்த வளையல் அவளை இன்னும் விடவில்லை.

சித்தியின் தம்பி லிங்கேஷ் சவுதியில், ஜெத்தாவில் ஏசி மெக்கானிக். சில மாதங்களுக்கு முன்பு அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"யக்கா, அடுத்த வருசம் ஆகஸ்ட் ரெண்டாம் தேதி இங்கன பட்டப்பகல்ல ஆறு நிமிசம் இருட்டிரும். வளையல் கிளையல்லாம் இல்ல, சூரியன் முழுசா மறைஞ்சிரும். நம்ம ஊர்ல சாயங்காலம் லேசா கடிச்ச மாதிரிதான் தெரியும். கிளம்பி வா."

சித்தி போனைத் தையல் மிஷின் மேல் வைத்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அன்றைக்கே திட்டம் போட ஆரம்பித்தாள். ஆகஸ்டில் சீருடை வேலை குறைவு. பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது. விசாவுக்குத் தம்பி ஏற்பாடு செய்வான். சித்தப்பாவும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார்.

"ஆடியில முகூர்த்தம் ஏது? நான் சும்மாதான இருப்பேன். போயிட்டு வா. ஆகஸ்ட் ரெண்டுன்னா ஆடி பதினேழு..." என்று விரல்விட்டு எண்ணியவரின் கை அப்படியே நின்றது. "ஏட்டி, சூரிய கிரகணம்னா அமாவாசையில்லா?"

நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டாத வீடு அது. சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் வரும் என்று குருபிரசாத்துக்கே தெரியும். ஆனால் செய்தி இங்கிலீஷ் தேதியில் வந்ததால், அது ஆடி அமாவாசை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடி அமாவாசையன்று சித்தப்பா தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுப்பார். படையலை மருமகள் சமைக்க வேண்டும். அதைக் காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பிடலாம்.

"நீங்க சமைங்க" என்றாள் சித்தி.

"ஆயிரம் இலைன்னா சமைச்சிருவேன். நாலு பேருக்குச் சமைக்க எனக்குக் கை வராது. அதோட, எங்கப்பா கடைசி வரைக்கும் உன் கைச்சோறு சாப்பிட்டவரு. என் சமையலுக்கு வருவாராட்டி?"

மறுநாள் காலையில் சித்தி ஒரு வழி சொன்னாள். "இந்த ஆடி அமாவாசைக்கே ஒத்திகை பாத்துருவோம். நீங்க சமைங்க. காக்கா எடுத்தா நான் போறேன். எடுக்கலைன்னா பாஸ்போர்ட்டைப் பீரோவுல வச்சுப் பூட்டிருதேன்."

ஆடி அமாவாசையன்று சித்தி ஜெத்தாவில் இருந்தாள். ஜெத்தா என்பது எங்கள் வீட்டு மொட்டை மாடி. வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் போன் அடித்தது.

"ஏட்டி, சாம்பாருக்குப் புளி எம்புட்டு?"

"இங்க இப்பம்தான் இருட்டிட்டு வருது. தொந்தரவு பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டாள். அடுத்த நிமிடம் அவளே கூப்பிட்டு, "எலுமிச்சங்காய் அளவு" என்றாள்.

நண்பகலில் சித்தப்பா தன் வீட்டு மாடியில் இலைத் துண்டை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டார். ஒரு காக்கை தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுப் படையலுக்குப் போய்விட்டது. சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சித்தி கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அன்னைக்கு நீங்களும்தான கிரகணத்தைப் பாக்கல" என்றாள், காக்கை போன திசையைப் பார்த்து, மெதுவாக.

"யாரு சித்தி? பூட்டி வச்ச தாத்தாவா?" என்று கேட்டேன்.

"நான் பயந்துருவேன்னு கதவுக்கு வெளியவே உக்காந்துட்டாரு. மாடிக்கு வாங்க, வாங்கன்னு எல்லாரும் கூப்பிட்டாவ. போகவே இல்ல. முடியிற வரைக்கும் என்கூடக் கதை பேசிக்கிட்டு இருந்தாரு."

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். பிறகு ஒரு காக்கை நேராக இலைக்கு வந்தது. சோற்றைத் தொடவில்லை. ஒரு வாழைக்காய்த் துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது. சித்தப்பா கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"வடிவு, அப்பா வந்துட்டாரு. வாழைக்காயைத்தான் எடுத்தாரு. நீ போயிட்டு வா."

சித்தி எங்கள் படியில் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு மாடியிலேயே கிடந்தது.

நாலு பேருக்கு என்று வைத்த சாம்பார் நாலு வீட்டுக்குப் போனது. எங்களுக்கும் இலை போட்டார்கள். வாயில் வைக்க முடியாத உப்பு. குருபிரசாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சித்தி அவன் தொடையைக் கிள்ளினாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள்.

சித்தப்பா கரண்டியோடு நின்றுகொண்டு, "எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டார்.

"ஜெத்தாவுல இருந்து இப்பம்தான வந்தேன். பயணக் களைப்புல எனக்கு ருசியே தெரியல" என்றாள் சித்தி. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."