வளைவில் கிடைக்காத இடம்

அவன் சொன்னது உண்மை என்று தெரிந்தே, விசாரணை அறையில் அவனைப் பொய்யனாக்கினேன்.

அப்போது நான் கடல் தாண்டி மெயின்லேண்டில் ஒரு குதிரைப் பந்தயத் திடலில் ஸ்டீவர்டு. ஓட்டத்தில் தவறு நடந்தால் ஜாக்கிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும் மூவரில் ஒருவன். நான் தீவில் அபர்டீன் பஜாரில் வளர்ந்தவன், நான் பொய்யனாக்கிய அந்த இளம் ஜாக்கி அங்கேயே எதிர்க்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்காரன். "உங்க தீவு ஆளு" என்று மற்ற இருவரும் என்னைச் சீண்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது.

அன்று கடைசி வளைவில் ஒரு மூத்த ஜாக்கி, பக்கத்தில் யார் வருகிறார் என்று பார்க்காமலே குதிரையை உள்வேலிப் பக்கம் வெட்டினான். வேலியை ஒட்டி வந்த இவன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்ததால் பிழைத்தான். பைனாகுலரில் தெளிவாகப் பார்த்தேன்.

ஜாக்கிகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை. "குதிரை தானா சாஞ்சிருச்சு சார்" என்பார்கள். அதோடு முடிந்துவிடும். இவன் மட்டும், "பார்க்காமலே வெட்டினார் சார். இப்படியே விட்டா யாராவது செத்துப்போவாங்க" என்றான்.

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஊர்க்காரனுக்குப் பரிந்து பேசினேன் என்ற பெயர் வரக்கூடாது என்பது மட்டுமே என் மனதில் இருந்தது.

"குதிரைதான் சாய்ந்தது. இவன் மிகைப்படுத்துகிறான்" என்றேன்.

மறுவாரம், ஓட்டத்துக்கு முன் ஜாக்கிகளை எடை பார்க்கும் அறையைக் கடந்தபோது உள்ளே மற்ற ஜாக்கிகளின் பேச்சு கேட்டது.

"தம்பிக்கு வளைவுல இடம் வேணுமாம்பா."

"கொடுத்துட்டாப் போச்சு."

சிரித்தார்கள். இவன் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். உள்ளே போய் ஒரு வார்த்தை கண்டித்திருக்கலாம். படியேறி, ஓட்டத்தைக் கவனிக்கும் என் இடத்துக்குப் போய்விட்டேன்.

அன்றைய ஓட்டத்தில், வளைவில் குதிரைகள் அவனை நெருக்க ஆரம்பித்தபோதே பைனாகுலரை இறக்கினேன். கூட்டத்தின் சத்தம்தான் மீதியைச் சொன்னது. அவன் விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. குதிரை தானாகச் சாய்ந்தது என்று எல்லா ஜாக்கிகளும் சொன்னார்கள். நாங்களும் ஏற்றுக்கொண்டோம்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின், சாத்தம் துறையில் ஃபெர்ரி ஏறி அவனைத் தேடிப் போனேன். ஜெட்டி அருகே டீக்கடை வைத்திருந்தான். ஒரு கையை மேசையில் ஊன்றாமல் அவனால் நிற்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குத்தான் தெரியுமே சார். அந்த விசாரணை ரூம்ல போய்ச் சொல்லுங்க."

போனேன். மெயின்லேண்டில் அதே அறையில் இப்போதைய ஸ்டீவர்டுகள் மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டார்கள். அன்று வெட்டிய ஜாக்கி இன்று இளம் ஜாக்கிகளைப் பழக்கும் பெயர்பெற்ற பயிற்சியாளன். "பழைய விஷயம் சார்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

திரும்பி வந்து அவனிடம் சொன்னேன்.

"நான் சொன்னது நிஜம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அன்னைக்கு வெட்டினவர்கிட்ட இன்னும் ஆளுங்க தொழில் பழகுறாங்களா?"

"பழகுறாங்க."

அவன் எல்லாருக்கும் போல எனக்கும் ஒரு டீ வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனான்.