மதியத் தூக்கமும் ஒரு டப்பா சுண்டலும்

1. சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஷைலா காகூ (மராத்தியில் சித்தி) என் அம்மாவை மஞ்சள் குங்குமத்துக்கு அழைத்தார்.
2. அம்மா போனாள். பச்சை மாங்காய் பானகம் குடித்தாள், மாங்காய்த் துருவல் கலந்த கடலைப்பருப்பு சாப்பிட்டாள். கிளம்பும்போது அவள் முந்தானையில் இரண்டு கை ஊறவைத்த கொண்டைக்கடலையைப் போட்டு அனுப்பினார்கள்.
3. கடலை வேகவே இல்லை என்பதை அம்மா வீட்டுக்கு வந்துதான் கவனித்தாள். அவர்கள் வீட்டில் கேஸ் தீர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.
4. மறுநாள் நான் வெளியே போயிருந்தபோது அதைக் குக்கரில் வேகவைத்து, கடுகும் மிளகாயும் தாளித்து, தேங்காயும் மாங்காயும் தூவி, ஒரு டப்பாவில் நிரப்பிக் காகூ வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள்.
5. மதியச் சாப்பாடு முடிந்த நேரம் அது. மணியை அடித்தாள். கதவு திறக்காததால் மறுபடியும் அடித்தாள். பிறகு சற்று நீளமாக ஒருமுறை.
6. காகூ கதவைத் திறந்தார். டப்பாவை வாங்கினார். கதவைச் சாத்தினார்.

புனேயில் வசித்தவர்கள் ஐந்தாவதைப் படித்ததுமே கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஊரில் மதியத் தூக்கம் என்பது சோம்பல் அல்ல, உரிமை. பழைய பேட்டைகளில் கடைகளே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கும். வாடிக்கையாளர் வந்தால் அது வாடிக்கையாளரின் தவறு. காகூ வீட்டுக் கதவில் மராத்தியில் ஒரு சின்னப் பலகை உண்டு. ஒன்றிலிருந்து நான்கு வரை மணியை அடிக்காதீர்கள், அவசரமென்றால் உங்கள் அவசரம் எங்களுக்கும் அவசரமா என்று யோசித்துவிட்டு அடியுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். அம்மாவுக்கு அந்த எழுத்து தெரியாது. அதை ஏதோ சுலோகம் என்று நினைத்து, மணியடிக்கும் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம்.

இது 2004ஆம் ஆண்டுக் கோடை. நான் புனேயின் ஔந்த் பகுதியில் இரண்டாவது மாடியில் ஒரு வாடகை ஃபிளாட்டில் இருந்தேன். சாஃப்ட்வேர் வேலை. கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா ஊரில் தனியாக இருந்தாள். அவளுக்கு நான் ஒரே பெண். ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில், மைக்கில் அறிவிப்புச் சொல்லும் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவள். என்னோடு வந்துவிடும்படி நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். “ஒரே ஒரு கோடை வந்து இருந்து பாக்கறேன் கண்ணு. எனக்கு ஒத்துக்கலேன்னா நீ டிரான்ஸ்ஃபர் கேட்டுட்டு மெட்ராஸ் பக்கம் வந்தரோணும். சரின்னா சொல்லு, டிக்கெட் போடறேன்.” நான் சரியென்றேன். சொல்லும்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அலுவலகத்தில் சென்னைக் கிளைக்கு மாற்றல் கேட்டால் ஒரு வாரத்தில் கொடுத்துவிடுவார்கள். பிறகுதான் எனக்கு இங்கே என்னென்ன பிடிக்கும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். காலைப் பேட்மிண்டன். ஞாயிறுதோறும் சிம்ஹகட் கோட்டை ஏற்றம், உச்சியில் வெங்காயப் பஜ்ஜியும் மண்சட்டித் தயிரும். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் வரிசையில் முதலிடத்தில் நின்றது.

கோயம்புத்தூரில் கேட்பார்கள். அங்கே கணபதி பகுதியில் எங்கள் வீதியில் யாரும் மணியடித்து நான் பார்த்ததில்லை. மணி இருந்தது, பேப்பர்காரருக்காக. மற்றவர்கள் வாசலிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே சமையலறைக்குள் வந்து நிற்பார்கள். மே மாத மதியங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும், எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருக்கும். அம்மா டியூட்டி முடிந்து வந்தால் மூன்று வீட்டில் நின்று பேசிவிட்டுத்தான் எங்கள் வீட்டை அடைவாள். நாள் முழுக்க மைக்கில் ஊருக்கே பேசியவளுக்கு அதற்கு மேலும் பேச்சு மிச்சமிருக்கும். அப்பேர்ப்பட்டவள் ஏப்ரலில் இங்கே வந்து இறங்கி, பத்து நாளாக என்னிடம் மட்டும், அதுவும் நான் அலுவலகத்திலிருந்து திரும்பிய பிறகு, பேசிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டிப் பெண்களைப் பால்கனியிலிருந்து பார்த்து, “அத்தனை பேரும் பேங்கைக் கொள்ளையடிக்கப் போறவிங்களாட்டவே போறாங்க” என்றாள். அந்தச் சனிக்கிழமை காகூ அழைத்ததும் ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுச்சேலையை எடுத்து உடுத்திக்கொண்டாள். இந்த ஊரில் அவளை ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் சிம்ஹகட்டிலிருந்து திரும்பியபோது அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“பாவம், கேஸு தீந்துபோச்சாட்ட இருக்குது, வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டுப் பச்சையாக் குடுத்துட்டாங்கன்னு நா செஞ்சு கொண்டுட்டுப் போனா, அந்தம்மா பாத்த பார்வை இருக்குதே! நா ஏதோ சிலிண்டரைத் திருட வந்தவளாட்ட.”

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன்.

“தூங்கறதுக்குப் போர்டு வெப்பாங்களா? நம்மூர்ல ஆஸ்பத்திரில கூட வெக்க மாட்டாங்களே! நீ ரெண்டு வருசமா இங்க இருக்கறயே, இத எனக்குச் சொல்லோணும்னு தோணலியா?”

“நான் ஒருநாள்கூட மதியம் வீட்ல இருந்ததில்லம்மா.”

“அந்த வீட்டுக்குள்ள போயிருக்கறயா?”

இல்லை. இரண்டு வருடத்தில் காகூவோடு நான் பேசியது தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது மட்டுமே.

தூக்கம் கெட்டதையாவது மன்னித்துவிடலாம். மறுநாள் அலுவலகத்தில் ஒரு மராத்தித் தோழியிடம் விசாரித்தபோது இரண்டாவது சிக்கல் தெரிந்தது. சித்திரை மாதத்தில் சுமங்கலி, விதவை என்று பார்க்காமல் அழைக்கிற வீடுகளும் இப்போது உண்டு, காகூ வீடு அப்படிப்பட்டது. வந்த பெண்ணின் மடியை ஊறவைத்த கடலையால் நிறைப்பது வழக்கம். மங்கலம் என்பதால் பச்சையாகத்தான் தருவார்கள். வாங்கியவர் தம் வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம். “கொடுத்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தால்?” என்று கேட்டேன். தோழி, “அப்படி யாரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை” என்றாள். என்னோடு பேட்மிண்டன் ஆடுகிற மெர்சி நாகர்கோவில்காரி. அவள் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். “ஏட்டி, ரெண்டு கை கடலையில போச்சே உன் புனே!”

நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. “நா செஞ்சத நா பாத்துக்கறேன். நீ உன்ற வேலையப் பாரு.” அவள் பார்த்துக்கொண்ட விதம், பால்கனிக்குப் போவதை நிறுத்தியதுதான். படியில் காகூவின் செருப்புச் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்விடுவாள். காகூ வீட்டுக் கதவும் சாத்தியே இருந்தது, எங்கள் டப்பா உள்ளே. நான் சாயங்காலங்களுக்குத் திட்டம் வைத்திருந்தேன், அதன்படி நடத்தினேன். கடக்வாஸ்லா அணைக்கரையில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றோம். மாம்பழ மஸ்தானி குடித்தோம். பால், ஐஸ்கிரீம், மாம்பழம் எல்லாம் ஒரே உயரக் கண்ணாடித் தம்ளரில். எல்லாவற்றுக்கும் அம்மா ஒரே பதில் வைத்திருந்தாள். “நல்லாத்தான் இருக்குது.” கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது புரியும். பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் வேண்டாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள். நான் டிரான்ஸ்ஃபருக்கு யாரிடம் பேச வேண்டும் என்று விசாரித்து வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு மணி அடித்தது. காகூ. ஒரு கையில் எங்கள் டப்பா, இன்னொரு கையில் மூடிபோட்ட பெரிய பாத்திரம். உள்ளே வந்து பாத்திரத்தை இறக்கி வைக்கும் முன்பே அம்மாவைப் பார்த்து விரலை ஆட்டினார். “துபாரி பேல் வாஜ்வாய்ச்சி நாஹி!” மதியத்தில் மணியடிக்கக் கூடாது. அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்து இந்தியிலும் சொன்னார். “தோ பஜே கௌன் ஆதா ஹை?” இரண்டு மணிக்கு யார் வருவார்கள்?

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு இந்தி தெரியாது. ஆனால் இருபது வருடமாக மைக்கில் படித்த அறிவிப்புகள் தெரியும், தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தவை. அதே குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். “ஆப்கோ ஹுயீ அசுவிதா கே லியே ஹமே கேத் ஹை.” உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

காகூ அசையாமல் நின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “காடீ கித்னீ லேட் ஹை?” என்று கேட்டார். வண்டி எவ்வளவு லேட்?

“தோ கண்டே,” என்றாள் அம்மா. இரண்டு மணி நேரம். இதுவும் அவளுக்குத் தெரிந்த பாடம்தான்.

“பிளாட்ஃபார்ம்?”

“பிளாட்ஃபார்ம் க்ரமாங்க் தோ பர்.” இரண்டாவது மாடி என்று சொல்கிற மாதிரி அம்மா எங்கள் தரையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் காகூ சிரித்தார். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். புனேக்காரர்கள் மனதில் இருப்பதை மறைக்க மாட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லாவற்றையும் அவரே சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். இரண்டு நாள் உண்மையிலேயே கோபம். மடியில் போட்டதைத் திருப்பித் தந்ததற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். பச்சையாகத் திரும்பி வந்திருந்தால் அவமானம், தாளித்து வந்திருந்தால் பிரசாதம் என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் பிறகே ஃபிரிட்ஜில் வைத்திருந்த டப்பாவைச் சாப்பிட எடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே அது காலி.

பெரிய பாத்திரத்தின் மூடியை எடுத்தார். விளிம்பு வரைக்கும் ஊறவைத்த கொண்டைக்கடலை. அட்சய திருதியைக்குள் இன்னொரு மஞ்சள் குங்குமம் வைக்கப்போகிறாராம், கட்டடத்துப் பெண்கள் எல்லாருக்கும். மடிக்குப் பச்சைக் கடலை அவர் தருவார். தட்டுக்குச் சுண்டல் அம்மா செய்ய வேண்டும். “கேஸ் இருக்கிறதா?” என்றும் கேட்டார். நான் அம்மாவின் சந்தேகத்தையும் சேர்த்து மொழிபெயர்த்துத் தொலைத்திருந்தேன்.

“கேளு கண்ணு, அவங்களுக்குக் காரம் ஆகுமான்னு,” என்றாள் அம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்தக் கோடையில் எனக்கு வேலை இல்லாமல் போனது. அம்மாவுக்கு மாலையில் மொட்டைமாடியில் பெண்கள் கூட்டம், பேச்சு ஸ்டேஷன் இந்தியிலும் புதிதாகப் பொறுக்கிய மராத்தியிலும். நாலுக்கு மேல்தான், அதில் அவளும் இப்போது கறார். மாடியில் நம்மூர் வடகமும் அவர்களுடைய கோதுமை வடகமான குர்டையும் பக்கத்துப் பக்கத்துச் சேலைகளில் காய்ந்தன. எது யாருடையது என்று காக்கைக்கு மட்டும் குழப்பமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்ஷேத் அணைக்குப் போகலாமா என்று நான் கேட்டபோது, அவர்கள் எல்லாரும் ஜீப் பேசிக்கொண்டு போன வாரமே போய்வந்துவிட்டதாகச் சொன்னாள். நான் மெர்சியோடு கோட்டை ஏறப் போனேன். ஏறும்போது பாட்டு வந்தது. அம்மா தங்கிவிடுவாள், எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளறைக் கட்டிலுக்குப் புது மெத்தை சொல்லிவைத்தேன்.

ஜூன் பிறந்து முதல் மழை விழுந்த அன்று அம்மா ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னாள்.

“ஏம்மா, இங்க உனக்குப் புடிக்கலியா?”

“புடிச்சிருக்குதே.”

“அப்புறம் என்ன? இல்லேன்னா நான் டிரான்ஸ்ஃபர் கேக்கணுமா?”

“எதுக்குக் கேக்கோணும்? புடிக்காம இருந்திருந்தா உன்னையக் கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன். சுத்தியும் யாருமே இல்லாத எடத்துல புள்ள கெடக்குதேன்னு ரெண்டு வருசமா எனக்குத் தூக்கமில்ல. இப்ப உன்ற செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்குது. ஒனக்குக் காச்சல்னா அந்தம்மா ரெண்டு மணிக்குக்கூட எந்திரிக்கும். எனக்கு அங்க வீடு இருக்குது, வீதி இருக்குது. நா எதுக்கு வரோணும், நீ எதுக்கு வரோணும்?”

ஒத்துக்கொள்கிறதா என்று அவள் சோதித்துப் பார்த்தது இந்த ஊரை அல்ல, நான் இங்கே இருக்கிற இருப்பை. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. பேட்மிண்டன், கோட்டை, ஸ்கூட்டி எல்லாம் எனக்கே. ஆனாலும் சந்தோஷப்படுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெத்தைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த சித்திரைக்கு வருவதாக அம்மா காகூவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோயம்புத்தூருக்குப் போன் செய்தால் பெரும்பாலும் லைன் பிஸி. சுவருக்கு அந்தப் பக்கம் காகூவின் குரல் கேட்கும். ஒரு கேள்வி, பெரிய சிரிப்பு, அப்புறம் நீளமாக ‘ஹோ, ஹோ’, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிற சத்தம். அம்மா என்ன சொன்னாள் என்பதை அந்தச் சிரிப்பை வைத்து ஊகிக்கப் பார்ப்பேன், முடியாது. என் அம்மாவின் பேச்சு அடுத்த வீட்டுக்குள் வந்து இறங்குகிறது. நான் அவளுக்கு ஒரு சுவர் தள்ளி நிற்கிறேன், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலும் தள்ளி நிற்கிறேன்.

இப்போதைய நிலவரம் இது. கோயம்புத்தூர் வீட்டை வாடகைக்கு விடவில்லை. ஔந்த் ஃபிளாட்டின் ஒப்பந்தத்தை இன்னும் பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறேன். உள்ளறையில் புது மெத்தை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, காகூ பேசி முடிக்கக் காத்திருக்கிறேன்.